பாதி விலைக்கு ஒரு காது

வீட்டில் சீலிங் ஃபேன் சுற்ற மறுத்தால் எலக்ட்ரீஷியன் வருவார். ஸ்டூல் போட்டு ஏறி, ரெண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ''கண்டன்சர் போச்சுங்க'' என்பார். பெருவிரல் பருமனில் ஒரு டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுசு ஒன்றை மாட்டுவார். ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இந்த வாரம் அந்தக் கண்டன்சரின் கதைதான். ஆனால், ஃபேனைச் சுற்ற வைக்கிற கண்டன்சர் இல்லை. பாட்டுக் கேட்கிற கண்டன்சர்!

மாகறலிலிருந்து ஓர் இளைஞர் கடிதம் எழுதியிருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். இவருடையது பட்டு நெய்கிற குடும்பம். ஆனால், இவர் தறியில் உட்காரவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் 84 வயதுப் பாட்டி.

''எங்க பாட்டிக்குத் தாலாட்டு, நலங்குப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் தண்ணி பட்ட பாடு சார். எங்க ஊர்ப் பதிகத்தையும் கேள்வி ஞானத்துலயே பாடுவாங்க. போன தீபாவளிக்கு அப்புறம் ரெண்டு வரி பாடினாலே மூச்சு வாங்குது. நல்லபடியா பதிஞ்சு வெச்சுக்கணும்னு ஆசை. கூட வேலை பார்க்கிறவர் ஒரு கண்டன்சர் மைக் விக்கிறார். ரெண்டு வருஷம் ஓடினது. பாதி விலைக்குத் தர்றேங்கறார். வாங்கலாமா, வேணாமா?''

'வாங்குங்க', 'வேணாங்க' என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால், இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அதைக் கேட்டு முடிக்கும்போது பதில் தானாகவே வந்துவிடும். கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

★ ★ ★

மைக் இல்லாத காலத்தில் பாட்டை எப்படிப் பதிவு செய்தார்கள், தெரியுமா? கத்தித்தான்!

1902ல் கல்கத்தாவுக்கு கிராமஃபோன் கம்பெனியின் ஆள் ஃபிரெட் கெய்ஸ்பர்க் வந்து இறங்கினார். அவர் முன்னால் பாடிப் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். அன்றைய பதிவுக் கருவி என்பது ஒரு பெரிய தகரக் குழல். ஊமத்தம்பூவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். பாடுகிறவர் அதன் வாய்க்கு நேராக நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வு குழல் வழியாகப் போய், கடைசியில் இருக்கிற மெல்லிய தகட்டை அதிர வைக்கும். தகட்டோடு சேர்ந்த ஊசி, சுழலுகிற மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான். கரன்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. குரலின் பலமே கோடு கிழித்தது!

அதனால் மெல்லப் பாடினால் ஒன்றும் பதியாது. உச்ச ஸ்தாயியில் ஓங்கிப் பாடினால் ஊசி எகிறிவிடும். தம்பூராவின் ரீங்காரம், வீணையின் கமகம் எல்லாம் குழலுக்குள் போவதற்குள்ளேயே செத்துப்போகும். மூன்று நிமிஷ சொச்சத்தில் பாட்டையும் முடித்தாக வேண்டும்.

முடிக்கும்போது கௌஹர் ஜான் ஒரு காரியம் செய்வார். இங்கிலீஷில் தன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். விளம்பரத்துக்காக இல்லை. மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய்த்தான் இசைத்தட்டாக அச்சாகும். அங்கே இருக்கிறவர்களுக்கு எந்தத் தட்டில் யார் பாடியிருக்கிறார் என்று எப்படித் தெரியும்? பெயரைக் குரலிலேயே சொல்லிவிட்டால் குழப்பமில்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

★ ★ ★

1916ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் எட்வர்ட் வென்டே என்கிற இளம் இன்ஜினீயர் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார். அவர் பாட்டுப் பதிவுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சத்தத்தைத் துல்லியமாக அளக்க ஒரு கருவி வேண்டும். டெலிபோன் கம்பெனியின் தேவை அது.

அப்போது டெலிபோனில் இருந்தது கரித்தூள் மைக். சின்ன டப்பாவில் கரித்துகள்களை நிரப்பி வைத்திருப்பார்கள். பேசினால் துகள்கள் நெருங்கும், விலகும். அதற்கேற்ப மின்சாரம் கூடும், குறையும். பேச்சுப் புரியும். ஆனால், கூடவே 'கரகர'வென்று ஒரு இரைச்சல்.

வென்டே கரித்தூளைத் தூக்கிப் போட்டார். ரெண்டு தகடுகளை எடுத்துக்கொண்டார். ஒன்று அசையாத தகடு. அதற்கு முன்னால், முடியிழை நுழையக்கூட இடமில்லாத நெருக்கத்தில், விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய தகடு. ரெண்டுக்கும் நடுவில் காற்று மட்டும்தான். இரண்டிலும் மின்னூட்டம் ஏற்றி நிறுத்திவிட்டார். ஃபேன் டப்பாவுக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான்: ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே இருக்கும் இரண்டு தகடுகள், அவற்றில் தேங்கிய மின்சாரம். அதுதான் கண்டன்சர்.

இப்போது முன் தகட்டின் மேல் குரல் மோதுகிறது. தகடு நூலிழை அளவுகூட இல்லை, அதிலும் துளிப்போல அசைகிறது. இடைவெளி மாறுகிறது. இடைவெளி மாறினால் மின்னழுத்தம் மாறும். குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ, அப்படியே மின்சாரமும் ஏறி இறங்கும். அவ்வளவுதான் கண்டன்சர் மைக்!

மேடைக் கச்சேரியில், கட்சிக் கூட்டத்தில் பார்க்கிறோமே, அந்தக் கைமைக்கில் பெரும்பாலும் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும். குரல் அந்தக் கம்பிச் சுருளையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பாரம் அதிகம். கண்டன்சரில் அந்தப் பாரமில்லை. வெறும் இலை போன்ற தகடு. அதனால்தான் மூச்சு, உதடு பிரிகிற சத்தம், சங்கதியின் நுனி எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்கிறது.

1925ல் விக்டர், கொலம்பியா என்ற இரண்டு பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளும் மின்சாரப் பதிவுக்கு மாறின. முன்னால் நின்றது வென்டேயின் கண்டன்சர். தகரக் குழல் மூலைக்குப் போனது. பாடகர்கள் கத்துவதை நிறுத்தினார்கள். காதோரம் பேசுகிற மாதிரி பாடுகிற பிங் கிராஸ்பிகள் பிறந்தார்கள்.

★ ★ ★

சரி, இதெல்லாம் அமெரிக்கா. காஞ்சிபுரத்துக்கு வருவோம்.

மாகறல்காரர்கள் பஸ் ஏறினால் சீக்கிரமே போய்ச் சேருகிற காஞ்சிபுரத்தில், மைக் இருந்ததற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். தகரக் குழல் காலத்திலேயே துணிந்து பாடியவர். அவர் குரல் இசைத்தட்டில் இருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒலித்தாலும், இருக்கிறது.

இரண்டாமவர் அவருடைய சகோதரி மகன். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை. 1889ல் பிறந்தவர். லய வித்தையில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளத்தையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் தாளத்தை விட்டுக்கொடுக்காமல் பாடுவார். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பெயர். சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை அவருடைய சீடர். டி.பிருந்தா அவரிடம் கற்றவர்.

நாயினாப் பிள்ளை எப்படிப் பாடுவார்? நமக்குத் தெரியாது! இசைத்தட்டுக்குப் பாட அவர் இணங்கவில்லை என்பார்கள். 1934ல் காலமாகிவிட்டார். மின்சாரப் பதிவு வந்து ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும், இன்றைக்கு நாம் கேட்பதற்கு அவர் குரல் இல்லை.

மாகறல் தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. பொன் உடும்பு ஒன்றை ராஜாவின் ஆட்கள் துரத்துகிறார்கள். அது புற்றுக்குள் ஓடி மறைகிறது. தோண்டினால் வால் மட்டும் தென்படுகிறது. அந்த வால் வடிவில்தான் அங்கே சுவாமி. நாயினாப் பிள்ளையின் சங்கீதமும் அப்படித்தான் ஆகிவிட்டது. சீடர்களின் பாட்டில் வாலைப் பார்க்கிறோம். உடும்பைப் பார்க்கவில்லை.

மூன்றாமவர் ஒரு சிறுமி. 1919ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். ஆமாம், டி.கே.பட்டம்மாளேதான்! நாயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். அவருக்குச் சுமார் பத்து வயது இருக்கும்போது சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

அந்த மாநகராட்சி வானொலியின் கதையைக் கேளுங்கள். நம் விஷயத்துக்கு ரொம்ப நெருக்கமானது. 1924ல் சென்னையில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' ஆரம்பித்தார்கள். ஒலிபரப்பும் செய்தார்கள். 1927ல் காசில்லாமல் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. தங்களிடமிருந்த டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி முறையாக ஒலிபரப்ப ஆரம்பித்தது. 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை அதுதான் ஊருக்குக் குரல்.

புரிகிறதா? சென்னையின் வானொலியே ஒரு செகண்ட் ஹேண்ட் கருவியில்தான் பிழைத்தது! புதுசு வரட்டும், பெரிசு வரட்டும் என்று காத்திருந்தால், எட்டு வருஷம் ஊமையாகவே ஓடியிருக்கும்.

ஆகவே, 'பழசை வாங்கலாமா' என்ற கேள்விக்கு முதல் பாதி பதில்: பழசு என்பது குற்றமில்லை. 1949ல் ஜெர்மனியின் நியூமன் கம்பெனி யு47 என்றொரு கண்டன்சர் மைக் கொண்டுவந்தது. அன்று செய்த மைக்குகளை இன்றைக்கும் பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். அத்தனையும் செகண்ட் ஹேண்ட்தான். ஒழுங்காக வைத்திருந்தால் கண்டன்சருக்கு வயசே ஆகாது. ஒழுங்காக வைக்காவிட்டால் ஒரு மழைக்காலம் போதும்.

★ ★ ★

லட்சக்கணக்கில் விற்ற சாமான், ஷிப்ட் வேலை பார்க்கிற இளைஞர் வாங்குகிற விலைக்கு எப்படி இறங்கியது? அதில் மூன்று ஊர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

முதல் ஊர் நார்வேயில். கண்டன்சர் மைக்குக்குக் கரன்ட் கொடுக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக ஒரு பவர் டப்பா இருந்தது. 1966ல் நார்வே வானொலி நியூமனிடம், ''மைக் கேபிளிலேயே கரன்ட் வருகிற மாதிரி செய்து கொடுங்கள்'' என்று கேட்டது. எத்தனை வோல்ட்? அவர்கள் ஸ்டூடியோவில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் சப்ளை ஏற்கெனவே இருந்தது. ''அதையே வைத்துக்கொள்ளுங்கள்'' என்றார்கள். இன்றைக்கு உலகம் பூரா ஸ்டூடியோக்களில் 'ஃபேன்டம் பவர் 48 வோல்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது விஞ்ஞான ரகசியம் எதுவுமில்லை. ஏதோ ஒரு குளிர்நாட்டின் எமர்ஜென்சி லைட்!

இரண்டாவது ஊர் அமெரிக்காவில், நியூஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடம். ஜேம்ஸ் வெஸ்ட் என்ற கறுப்பின இளைஞர் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டபோது, அவருடைய அப்பா மூன்று பேரை அறிமுகப்படுத்தி வைத்தார். மூன்று பேரும் கறுப்பர்கள். மூன்று பேரும் பௌதிகத்திலோ ரசாயனத்திலோ டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். மூன்று பேருக்கும் வேலை கிடைத்த இடம், தபால் ஆபீஸ்! ''உனக்கும் இதுதான் கதி'' என்று பயமுறுத்தினார். பையன் கேட்கவில்லை. 1962ல் அவரும், ஜெர்மானியரான கெர்ஹார்ட் செஸ்லரும் சேர்ந்து, மின்னூட்டத்தைப் பல வருஷங்களுக்குத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து மைக் செய்தார்கள். அதுதான் எலெக்ட்ரெட் கண்டன்சர். மின்னூட்டம் ஏற்ற வெளியிலிருந்து வோல்ட் வேண்டாம். அளவில் பட்டாணி. விலையும் பட்டாணி விலை.

ஒரு காலகட்டத்தில் உலகத்தில் வருஷத்துக்குத் தயாரான சுமார் 200 கோடி மைக்குகளில் பத்துக்கு ஒன்பது இவர்கள் கண்டுபிடித்த ரகம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா கொண்டு வந்த டேப் ரெக்கார்டரின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததே, பக்கத்தில் இங்கிலீஷில் 'கண்டன்சர் மைக்' என்று எழுதி... அதுவும் இதுதான். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திக்கித் திக்கித் திருக்குறள் சொன்னது அதனிடம்தான்!

மூன்றாவது ஊர் பெய்ஜிங். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் உதவியோடு அங்கே ஒரு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்கூடம் கட்டினார்கள். அதில் 797 என்ற எண் கொண்ட பகுதியில் மைக் செய்தார்கள். 1990களுக்குப் பிறகு சீனத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில் கண்டன்சர் மைக்குகளைச் செய்துகொடுக்க ஆரம்பித்தன. விலை மளமளவென்று சரிந்தது. சரிந்ததோடு தரமும் முழுசாகக் கெட்டுவிடவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஆனால், கலப்படமும் கூடவே வந்தது. ஸ்டூடியோ மைக் மாதிரி பெரிய உடம்பு, பளபளக்கிற வலை. திறந்து பார்த்தால் உள்ளே டேப் ரெக்கார்டரில் இருந்த அதே பட்டாணி!

★ ★ ★

இனி மாகறல் தம்பிக்குச் சொல்ல வேண்டியது.

தம்பி, உங்கள் வீட்டில் ஜரிகையை எப்படிச் சோதிப்பார்கள்? ஒரு இழையைப் பிரித்து, சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்கப் பூச்சு. பளபளப்பைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். மைக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நிஜமான பெரிய கண்டன்சர் மைக்கின் உள்ளே இருப்பதும் தங்கப் பூச்சுதான்! சில மைக்ரான் கனமே உள்ள பிளாஸ்டிக் தாளின் மேல் பூசிய தங்கம். தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு கனம். மின்சாரம் பாய அந்தப் பூச்சு வேண்டும்.

டார்ச் அடித்து வலை வழியாகப் பாருங்கள். காசு அளவில் வட்டமாகத் தங்க நிறத் தாள் தெரிகிறதா? சுருக்கம், புள்ளி, கறை இருக்கிறதா? பார்த்தால் போதும். வலையைக் கழற்றாதீர்கள், விரலால் தொடாதீர்கள், ஊதித் தூசு தட்டாதீர்கள்.

அடுத்து, 48 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் சும்மா விடுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டுங்கள். ஒரே சீராக மெல்லிய 'ஸ்ஸ்' என்று கேட்டால் பரவாயில்லை. நெல் பொரிகிற மாதிரி 'படபட'வென்று வெடித்தால், தாளில் ஈரமோ தூசோ ஏறியிருக்கிறது. ''காய வெச்சா சரியாயிடும்'' என்பார் விற்கிறவர். சரியாகலாம். சரியாகாமலும் போகலாம். சரியான பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிடுங்கள்.

பிறகு, பக்கத்தில் போய் 'ஹா' என்று மூச்சு விட்டுப் பேசுங்கள். குரல் மங்கினாலோ பொரிந்தாலோ வேண்டாம். மைக்கைச் சுற்றி நடந்துகொண்டே ஒன்று, ரெண்டு எண்ணுங்கள். இந்த விலை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கம்தான் கேட்கும். பின்பக்கம் நன்றாகக் குறைய வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்டால், உள்ளே ஏதோ கோளாறு.

கடைசியாக, எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள். டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு என்றால் சந்தோஷம். ஜன்னலோரம் ஸ்டாண்டிலேயே ரெண்டு ஐப்பசி, ரெண்டு கார்த்திகை நின்றது என்றால், பாதி விலையும் அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. மைக் மட்டும் போதாது. 48 வோல்ட் கொடுத்து, குரலைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்ப 'இன்டர்ஃபேஸ்' என்ற டப்பா வேண்டும். கேபிள், ஸ்டாண்ட் வேண்டும். 'ப' சொன்னால் காற்று மோதாமல் இருக்க ஒரு துணி வளையம் வேண்டும். மாடு பாதி விலைக்குக் கிடைத்ததென்று, கொட்டகைச் செலவை மறந்துவிடக் கூடாது.

★ ★ ★

இத்தனையும் தேறிவிட்டால் வாங்கிவிடலாமா? இருங்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. ''பக்கத்து வீட்டில் ரெண்டு தறி ஓடுது.''

அதுதான் முக்கியமான வரி!

கண்டன்சருக்கு ஆள் பார்த்துக் கேட்கத் தெரியாது. பாட்டியின் மூச்சைக் கேட்கிற காது, பக்கத்து வீட்டுத் தறியின் 'டக்கு டக்கு'வையும் கேட்கும். தெருவில் போகிற ஷேர் ஆட்டோவையும் கேட்கும். மேலே சுற்றுகிற ஃபேனையும் கேட்கும். ஸ்டூடியோவில் நல்ல பெயர் வாங்குகிற மைக் வீட்டில் மானத்தை வாங்குவது இதனால்தான். பகலில்தான் பதிவு செய்வேன், தறியும் நிற்காது என்றால், கண்டன்சரைவிட வாய்க்குக் கிட்டே வைத்துப் பாடுகிற சாதாரண மேடை மைக்கே மேல். அதன் காது மந்தம்தான். ஆனால், அந்த மந்தமே அங்கே உபகாரம்.

கண்டன்சர்தான் வேண்டுமென்றால், அர்தேஷிர் இரானி செய்ததைச் செய்யுங்கள். இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா', 1931 மார்ச் 14ல் வெளியானது. அவருடைய ஸ்டூடியோ பம்பாயில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. பகல் முழுக்க ரயில். என்ன செய்தார்? ஸ்டூடியோவை மாற்றவில்லை. ரயில்கள் ஓய்ந்த பிறகு, நள்ளிரவு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் படமெடுத்தார். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்தில் எங்கெங்கோ ஒளித்து வைத்தார். படம் பேசியது! அதே வருஷம் அக்டோபர் 31ல் தமிழ் பேசிய 'காளிதாஸ்' வந்ததும் அவர் தயாரிப்பில்தான்.

ராத்திரி தறி நின்ற பிறகு உட்காருங்கள். பாட்டியைக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். எதிரொலி பாட்டைத் தின்றுவிடும். மெத்தை, போர்வை, துணி மூட்டை இருக்கிற உள் அறைதான் நல்லது. துணி, எதிரொலியை உறிஞ்சும். நெசவாளர் வீட்டில் துணிக்கா பஞ்சம்? மறக்காமல் ஃபேனை நிறுத்துங்கள். அந்தக் கண்டன்சர் ஓய்ந்தால்தான் இந்தக் கண்டன்சருக்குக் காது கேட்கும்.

இப்போது கடைசி விஷயம். கண்டன்சர் மைக் வாங்கலாமா என்று கேட்டு எழுதினீர்களே, அந்தக் கடிதம் எழுதும்போது உங்கள் சட்டைப் பையில் ஒரு கண்டன்சர் மைக் இருந்தது! செல்போனுக்குள் இருப்பது சிலிக்கான் சில்லில் செதுக்கிய, அரிசி அளவு மைக். பெரும்பாலான போன்களில் அதுவும் வென்டேயின் ரெண்டு தகடுகள்தான். அசையாத ஒன்று, அசைகிற ஒன்று, நடுவில் காற்று. தனகோடி அம்மாள் பாடிய தகரக் குழலோடு ஒப்பிட்டால், அது தேவலோகக் கருவி.

அதனால் என் பதில் இதுதான். மைக் சோதனையில் தேறினால் தாராளமாக வாங்குங்கள். தேறாவிட்டால் விடுங்கள். வேறொன்று வரும். மைக் சந்தையில் பாதி விலைக்கு எப்போதும் யாராவது ஒருவர் விற்றுக்கொண்டுதான் இருப்பார். ஆனால், அதற்காகப் பாட்டியைக் காக்க வைக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு மடித்த துண்டின் மேல் வைத்து, பாட்டியின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிடுங்கள். முதலில் ஊர்ப் பதிகம். பிறகு தாலாட்டு. மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்ளட்டும். நாளைக்கு மீதி. இருமினால் இருமலும் பதியட்டும். ஒப்பாரி மட்டும் பாட மாட்டேன் என்பார். வீட்டில் சும்மா ஒப்பாரி பாடக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. வற்புறுத்தாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், கௌஹர் ஜானை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டியைத் தன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த ஊரில் பிறந்தார், எந்த வயசில் மாகறலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார், தாலாட்டை யார் வாய் கேட்டுக் கற்றார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். கோப்புக்கு நீங்கள் வைக்கிற பெயர் போனை மாற்றும்போது போய்விடும். குரலுக்குள்ளேயே இருக்கிற பெயர் போகாது.

அதைக் கேட்கப்போகிறவர்கள் யார் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. ஹனோவரில் தட்டு அச்சடித்தவர்களுக்கும் கௌஹர் ஜானைத் தெரிந்திருக்கவில்லை.